வலித்தால் வலிக்குமா?

காசிமேட்டுக் கரையில் யாரேனும் "வலி, வலி!" என்று கூவினால், டாக்டரைத் தேடி ஓடாதீர்கள், வாசகர்களே! அங்கே யாருக்கும் நோவு இல்லை. "இழு" என்பதுதான் அதன் பொருள்.

வலையை வலிப்பார்கள், துடுப்பை வலிப்பார்கள், சற்று ஓய்ந்தால் பீடியும் வலிப்பார்கள். 'பட்டணத்துக் கொச்சை' என்று முகம் சுளிக்க வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் புரட்டுங்கள். வலித்தல் என்றால் இழுத்தல், படகு தள்ளுதல் என்ற பொருள்களும் உண்டு. மலையாளத்தில் இன்றும் 'வலிக்குக' என்றால் இழுப்பதுதான். கை கால் இழுத்துக்கொள்ளும் நோயை நாமே 'வலிப்பு' என்கிறோமே! நோவை மட்டும் வைத்துக்கொண்டு இழுப்பை மறந்தவர்கள் நாம், கடலோரம் மறக்கவில்லை.

ஆனால், கட்டுமரம் போய் இயந்திரப் படகு வந்துவிட்டது. துடுப்புக்கு வேலை குறைந்துவிட்டது. மோட்டார் படகை யாரும் வலிப்பதில்லை, ஓட்டுகிறார்கள். தொழில் மாறினால் சொல்லும் மெல்ல நழுவிவிடும் அல்லவா?

ஆகவே, இராயபுரத்துக்காரர் ஒருவர் "வலிச்சிக்கினு வா" என்றால், சிரிக்காதீர்கள், திருத்தவும் திருத்தாதீர்கள். நாம் தொலைத்த பொருளை அவர் பத்திரமாக வைத்திருக்கிறார்!