வீடற்ற வாலிபரும் சர்க்காரின் கடமையும்

தாய் தந்தையரை இழந்த பாலகன் ஒருவனைச் சர்க்கார் ஏற்று, விடுதியில் சேர்த்து, அன்னமும் வஸ்திரமும் கல்வியும் அளித்து வளர்க்கிறது. நன்று. ஆனால் 18 வயது நிறைந்ததும் அவன் சட்டத்தின் கண்ணுக்குக் குழந்தையல்லன். விடுதியை விட்டு அவன் வெளியேற வேண்டியவனாகிறான். நேற்றுவரை சர்க்காரின் பிள்ளை. இன்று அவன் யார் பிள்ளை?

இந்தியாவிலேயே முதன்முதலாகக் குழந்தைகளுக்கெனச் சட்டம் இயற்றியது நமது சென்னை மாகாணம், அது 1920-இல். அதற்குப் பின் நூறாண்டுகள் கடந்துவிட்டன. இன்று தேசமெங்கும் அமுலிலுள்ளது 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம். அதன் 46-வது பிரிவு, 18 வயது நிறைந்து விடுதியை விட்டுச் செல்வோருக்குப் பொருளுதவி ‘அளிக்கப்படலாம்’ என்கிறது. ‘அளிக்கப்படவேண்டும்’ என்று கூறவில்லை. ‘லாம்’ என்பது அதிகாரியின் தயவு. ‘வேண்டும்’ என்பது பிரஜையின் உரிமை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில்தான் நமது வாலிபர்கள் விழுகிறார்கள்.

2022-இல் மத்திய சர்க்கார் வகுத்த வாத்ஸல்யத் திட்டம், இத்தகையோருக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித் தொகை குறித்தது. அதை நாம் வரவேற்கிறோம். ஆயினும் பட்டணத்தில் ஓர் அறைக்கு முன்பணமும், ஜாமீன் சொல்ல ஒரு மனிதரும் வேண்டுமே! விலாசமில்லாதவனுக்கு வேலை எளிதில் கிட்டாது. வேலையில்லாதவனுக்கு இடம் கிட்டாது. 2011-ஆம் வருஷத்து ஜனக்கணக்கு, தேசத்தில் வீடற்றோர் 17 லட்சத்துக்கு மேற்பட்டவர் என்றது. 2013-இல் வகுத்த நகர்ப்புறத் திட்டமோ, லட்சம் ஜனத்தொகைக்கு 100 பேர் தங்கும் விடுதி வேண்டுமென விதித்தது. இரவில் தலை சாய்க்க அது உதவும். தொழில் கற்று வாழ்வைத் தொடங்கும் வாலிபனுக்கு அது வீடாகுமா?

“18 வயதானவன் உழைத்துப் பிழைக்கட்டுமே” என்பார் உளர். அவர்களை ஒன்று கேட்கிறோம்: தம் சொந்தப் புதல்வனை 18-வது பிறந்த நாளன்று அவர்கள் வீதியில் விடுவார்களா?

நமது அரசியல் சாஸனத்தின் 39-வது விதி, பால்யத்தையும் யௌவனத்தையும் கைவிடப்படாமல் காக்கவேண்டும் என்கிறது. பால்யத்தோடு நிறுத்திவிடாமல் யௌவனத்தையும் சேர்த்தே எழுதினார்கள் அதனை இயற்றியோர். சட்டம் முன்னதை நினைவிற் கொண்டு பின்னதை மறந்தது. நம்மை ஆண்ட இங்கிலாந்துகூட, சர்க்கார் பராமரிப்பில் வளர்ந்து வீடின்றித் தவிக்கும் 18 முதல் 20 வயது வரையிலான வாலிபருக்கு வீட்டுதவியில் முன்னுரிமை உண்டென 2002-இல் கட்டளை பிறப்பித்தது. சுதந்திர பாரதம் அதற்குப் பின்தங்குவது தகுமா?

நாம் கோருவன மூன்று. முதலாவது, 46-வது பிரிவின் ‘லாம்’, ‘வேண்டும்’ என்று திருத்தப்படுக. இரண்டாவது, விடுதியை விட்டு வருவோர்க்கு ஜில்லாதோறும் தொழிற்பயிற்சியோடு கூடிய வாலிபர் இல்லங்கள் அமைக்கப்படுக. மூன்றாவது, தங்குமிடம் நிச்சயமாகும்வரை ஒருவரையும் வெளியேற்றாதிருக்க விதி செய்யப்படுக.

39-வது விதி வழிகாட்டும் கொள்கையே. அதை நிறைவேற்றும்படி நியாயஸ்தலம் சர்க்காரை நிர்ப்பந்திக்க இயலாது. பொதுஜன அபிப்பிராயம் நிர்ப்பந்திக்கலாம். ஊர்தோறும் பொதுப்பணியில் ஈடுபட்ட அன்பர்கள் இதனைத் தங்கள் காரியமாக ஏற்று, சட்டசபை அங்கத்தினரை வற்புறுத்துவார்களென நம்புகிறோம். அநாதை என்னும் சொல் குழந்தைக்கே இழுக்கன்று; அவனை இருமுறை அநாதையாக்கும் தேசத்துக்கே இழுக்கு.