பிளஸ் டூவுக்கு அப்புறம்: பொருநைக் கரைப் பிள்ளைகளுக்கு ‘நான் முதல்வன்’ தருவது என்ன?

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளிலிருந்து தாமிரபரணி என்னும் பொருநை பாயும் நெல்லை (திருநெல்வேலி) மாவட்டத்தின் முக்கூடலிலும் வீரவநல்லூரிலும் பத்தமடையிலும் பெற்றோரிடம் ஊர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “பிள்ளைய அடுத்து எங்க சேக்கப் போறிய?” கல்லூரி முடித்தவர் ஒருவர் இருக்கும் வீட்டில் இதற்குப் பதில் முன்பே தயாராக இருக்கும். அப்பா கூலி வேலைக்குப் போக, அம்மா திண்ணையில் பீடி சுற்றுகிற வீட்டில், கேள்வி வந்து விழுந்த பிறகுதான் யோசனையே தொடங்கும். எந்தக் கல்லூரிக்கு எங்கே விண்ணப்பிப்பது, முதல் பட்டதாரிச் சான்று யார் தருவார்கள், கவுன்சலிங் என்றால் சென்னைக்குப் போக வேண்டுமா என்று ஒவ்வொன்றாக விசாரித்து முடிப்பதற்குள் கடைசித் தேதி வந்துவிடும்.

இந்த வீடுகளை மனத்தில் வைத்து உருவான மாநிலத் திட்டம்தான் ‘நான் முதல்வன்’. 2022 மார்ச் 1 அன்று சென்னை கலைவாணர் அரங்கில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இதைத் தொடங்கிவைத்தார். ஆண்டுக்கு 10 லட்சம் இளைஞர்களுக்குத் திறன் பயிற்சி என்பது அறிவிக்கப்பட்ட இலக்கு. பொறுப்பு தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்துடையது. பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே பல வேலைகள் நடக்கின்றன. அரசுப் பள்ளியில் 9 முதல் 12 வரை படிப்பவர்களுக்கு உயர்கல்வி வழிகாட்டல். பொறியியல், கலை அறிவியல், பாலிடெக்னிக், ஐடிஐ மாணவர்களுக்குப் பாடத்தோடு சேர்ந்த தொழில்திறன் வகுப்புகள். போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு உதவித்தொகையும் பயிற்சியும்.

செய்தித்தாள்களில் அதிகம் இடம்பிடித்தது கடைசிப் பகுதிதான். குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகும் 1,000 பேரைத் தேர்வு வைத்து எடுத்து, 10 மாதங்களுக்கு மாதம் ரூ.7,500 தருகிறார்கள், முதல்நிலையில் வென்றால் ரூ.25,000. 2025 ஏப்ரலில் வந்த முடிவில் தமிழகத்திலிருந்து தேர்ச்சி பெற்ற 57 பேரில் 50 பேர் இத்திட்டத்தின் உதவி பெற்றவர்கள். பாராட்ட வேண்டிய கணக்குதான். ஆனால் ஒரு மாநிலத் திட்டத்தை அதன் உச்சியில் நிற்கும் ஐம்பது பேரை வைத்து அளக்க எனக்கு மனம் வரவில்லை. மேலக்கல்லூரிலோ முக்கூடலிலோ பிளஸ் டூவோடு நின்றுபோகிற பிள்ளையைத் திட்டம் எட்டுகிறதா என்பதுதான் என் கவலை.

அந்தப் பிள்ளைக்கானது ‘உயர்வுக்குப் படி’. பெரிதாகப் பேசப்படாத இந்த முகாம்தான் ‘நான் முதல்வ’னிலேயே சிறந்த பகுதி என்பேன். அரசுப் பள்ளியில் படிக்கும் ஒவ்வொரு மாணவரின் விவரமும் எமிஸ் என்னும் கல்வித் துறைக் கணினிப் பதிவில் இருக்கிறது. அதை வைத்து, பிளஸ் டூ எழுதியவர்களில் யார் எங்கும் சேரவில்லை, யார் தேர்ச்சி பெறவில்லை, யார் விண்ணப்பிக்கவே இல்லை என்று பெயர் பெயராகப் பட்டியல் எடுக்கிறார்கள். வீட்டுக்குப் போன் செய்கிறார்கள். போன் எடுக்காவிட்டால் ஆசிரியர் நேரில் போகிறார். வருவாய்க் கோட்ட அளவில் முகாம் நடக்கும் அன்று அரசுக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐ, வங்கி, சான்றிதழ் தரும் அலுவலர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். காலையில் வந்த பிள்ளை மாலையில் சேர்க்கைக் கடிதத்தோடு திரும்பலாம்.

நான்கைந்து அலுவலகங்களுக்கு அலைய வேண்டிய வேலை ஒரே கூடத்தில் முடிகிறது. அம்மாவுக்கு அன்றைய ஒருநாள் கூலியோடு போகிறது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று எண்ணிச் சம்பாதிக்கிற வீட்டில், சேர்க்கைக்காக நான்கு நாள் அலைவது என்பது நான்கு நாள் வருமானம். கல்லூரி வேண்டாம் என்ற முடிவு பல வீடுகளில் இந்த இடத்தில்தான் எடுக்கப்படுகிறது.

முகாமுக்கு வரும் பிள்ளைகளில் பலர் “ஐடிஐயா?” என்று முகம் சுளிப்பதுண்டு. அந்தச் சுளிப்பை மாற்ற இந்த மாவட்டத்திலேயே காரணம் இருக்கிறது. மாநிலத்தின் 71 அரசு ஐடிஐக்களில் டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் சேர்ந்து ரூ.2,877 கோடியில் புதிய இயந்திரங்களும் புதிய பிரிவுகளும் கொண்டுவரப்பட்டன. ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் ரூ.750 உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. படிப்பு முடிந்தால் எங்கே போவது என்று கேட்டால், 2025 பிப்ரவரியில் கங்கைகொண்டானில் திறக்கப்பட்ட டாடா பவரின் சூரிய மின்கலத் தொழிற்சாலையைக் காட்டலாம். சுமார் ரூ.3,800 கோடி முதலீடு. உற்பத்திப் பிரிவில் பெரும்பான்மை பெண்கள். மகேந்திரகிரியில் இஸ்ரோ வளாகமும் கூடங்குளத்தில் அணுமின் நிலையமும் இதே மாவட்டத்தில்தான் இருக்கின்றன. பேட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் அரசு ஐடிஐ இருக்கிறது. எந்தப் பிரிவில் சேர்ந்தால் எந்த வாசலுக்குப் போகலாம் என்று பத்தாம் வகுப்பிலேயே சொல்ல ஓர் ஆள் வேண்டும். அரசுப் பள்ளிகளில் அதற்காக வழிகாட்டி ஆசிரியர் ஒருவர் பயிற்சி பெற்றிருக்கிறார். ஆனால் அவருக்கும் பாட வேளைகள் உண்டு, விடைத்தாள் உண்டு, தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் விளக்கக் கடிதம் உண்டு. வழிகாட்டல் அவருக்கு மிச்ச நேரத்து வேலையாகிவிட்டால் திட்டத்தின் முதல் படியே ஆட்டம் காணும்.

நெல்லைக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. மாநிலத்தின் உதவிகள் பலவும் “6 முதல் 12 வரை அரசுப் பள்ளி” என்ற நிபந்தனையோடு வருகின்றன. மருத்துவப் படிப்பில் 2020இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் முதலிய படிப்புகளில் 2021இலும் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அப்படிப்பட்டது. பொறியியலில் இந்த ஒதுக்கீட்டில் சேர்பவருக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பெரும் உதவி இது. ஆனால் இந்தப் பகுதியின் பள்ளிக்கூட வரலாறு வேறு. 1820இல் ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்ததிலிருந்து சிற்றூர்தோறும் மிஷன் பள்ளிகள் எழுந்தன. பின்னால் கத்தோலிக்கப் பள்ளிகளும், இந்துக் கல்லூரிப் பள்ளி போன்றவையும், முஸ்லிம் அறக்கட்டளைப் பள்ளிகளும் வந்தன. அவற்றில் பெரும்பாலானவை இன்று அரசு உதவி பெறும் பள்ளிகள். கூலித் தொழிலாளியின் பிள்ளையும் பீடித் தொழிலாளியின் பிள்ளையும் தமிழ் வழியில் படிக்கும் பள்ளிகள் அவை. பக்கத்தில் எந்தப் பள்ளி இருந்ததோ அதில் சேர்ந்தார்கள். ஒரே தெருவில், ஒரே வருமானத்தில் இரண்டு வீடு. ஒரு வீட்டுப் பிள்ளைக்கு 7.5 உண்டு, மற்ற வீட்டுப் பிள்ளைக்கு இல்லை. நீதிமன்றம் வரை போயும் உதவி பெறும் பள்ளிகளுக்கு அது கிடைக்கவில்லை.

உதவித்தொகையில் மட்டும் இந்தச் சுவர் உடைந்திருக்கிறது. கல்லூரி மாணவியருக்கு மாதம் ரூ.1,000 தரும் ‘புதுமைப் பெண்’ 2022 செப்டம்பர் 5 அன்று அரசுப் பள்ளி மாணவியருக்காகத் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் மாணவர்களுக்கான ‘தமிழ்ப் புதல்வன்’ வந்தபோது உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் சேர்க்கப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று தூத்துக்குடியில் நடந்த விழாவில் ‘புதுமைப் பெண்’ணும் அவ்வாறே விரிவானது. 7.5 ஒதுக்கீட்டிலும் இதுபோல ஒரு வழி காண வேண்டும் என்று நெல்லையிலிருந்து குரல் எழுவது நியாயம்.

பீடித் தொழிலாளர் வீடுகளுக்கு இன்னொன்று. தாய்க்கு பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால், மத்தியத் தொழிலாளர் நலத் துறை பிள்ளைகளின் படிப்புக்கு ஏற்ப ஆண்டுக்கு ரூ.1,000 முதல் ரூ.25,000 வரை உதவித்தொகை தருகிறது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அட்டை பெட்டியில் இருக்கும். விண்ணப்பம் போடத் தெரிந்தவர் வீட்டில் இருக்க மாட்டார்.

எந்தத் திட்டத்தை எடுத்தாலும் கடைசியில் இந்தத் ‘தெரிந்தவ’ரிடம்தான் வந்து நிற்கிறோம். அதற்குத் தமிழ்நாட்டில் நல்ல முன்மாதிரி இருக்கிறது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த பின், 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. ஊரிலேயே இருக்கும் படித்தவர், பெரும்பாலும் இளம்பெண்கள், மாலை நேரத்தில் இருபது பிள்ளைகளைச் சேர்த்து வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். மதிப்பூதியம் மாதம் ரூ.1,000. ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள் வந்தார்கள். அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியல் ஆய்வாளர்கள் கிராமப்புறத் தமிழகத்தில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்று கண்டார்கள். தெருவில் இருக்கும் ஓர் அக்காவால் என்ன முடியும் என்பதற்கு இதைவிட உறுதியான சான்று தேவையில்லை. மையங்கள் பின்னர் படிப்படியாகக் குறைந்துபோனது வருத்தத்துக்குரியது.

நெல்லைக்கு இது புதிதும் அல்ல. 1990களின் தொடக்கத்தில், மாவட்டத்துக்கு நெல்லை கட்டபொம்மன் என்று பெயர் இருந்த காலத்தில், அறிவொளி இயக்கம் இங்கே ஊர் ஊராகப் போனது. வேலை முடிந்து வந்த பெரியவர்களுக்கு இரவில் இளைஞர்கள் எழுத்து சொல்லிக்கொடுத்தார்கள். அந்த அனுபவத்தை எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் ‘இருளும் ஒளியும்’ நூலில் பதிவு செய்திருக்கிறார். அன்று கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்த அதே வேலைதான் இன்று விண்ணப்பம் போடக் கற்றுக்கொடுப்பது. பள்ளி மேலாண்மைக் குழுவில் இப்போது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் இருக்கிறது. ஒவ்வோர் ஊரிலும் கல்லூரிக்குப் போன முதல் ஐந்து பேர் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் சாதியைப் பேசாமல் தாண்டிப் போக முடியாது. “ஊர் கைகொடுக்கும்” என்று எழுதுவது எளிது. எந்தத் தெரு எந்தத் தெருவுக்குக் கைகொடுக்கும்? 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவர் ஒருவரை அவர் வீட்டுக்குள் புகுந்து வெட்டியவர்கள் அவருடன் ஒரே பள்ளியில் படித்த பையன்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கூடாது. பள்ளிப் பெயரில் சாதி கூடாது. வகுப்பில் அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். பள்ளிகளுக்கு நல அலுவலர் வேண்டும். எல்லாச் சமூகத்து மாணவர்களும் சேர்ந்த சமூகநீதி மாணவர் படை வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது.

இந்த அறிக்கையைச் சட்டம் ஒழுங்குக் கோப்பிலும் ‘நான் முதல்வ’னைத் திறன் மேம்பாட்டுக் கோப்பிலும் தனித்தனியே வைத்திருப்பது தவறு என்று நினைக்கிறேன். பதினாறு வயதுப் பையன் கயிற்றைத் தேடிப் போவது, தன்னை யாராவது சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற தவிப்பில்தான். அவன் சேர்வதற்கு வேறு குழுக்களை நாம் கொடுத்தாக வேண்டும். கொக்கிரகுளத்தில் ஆற்றங்கரையை ஒட்டி 1987 முதல் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. பள்ளிச் சுற்றுலாவாக ஒருநாள் போய் வருவதோடு அது முடிந்துவிடுகிறது. பல ஊர்ப் பிள்ளைகள் கலந்து வாரந்தோறும் அங்கே ஒன்றைச் செய்து பார்த்தால், பக்கத்தில் உட்கார்ந்தவன் எந்தத் தெரு என்பது பின்னால் போய்விட வழி உண்டு.

இப்படிச் சேர்ந்து செய்து கற்பதற்கு முன்மாதிரியாக அமெரிக்காவில் ‘நான்கு எச்’ (4-H) என்று ஓர் இளைஞர் இயக்கம் இருக்கிறது. 1902இல் ஓஹையோ மாநிலத்தில் ஏ.பி. கிரகாம் என்ற பள்ளி அலுவலர் கிராமப் பிள்ளைகளுக்கு நடத்திய மன்றத்திலிருந்து வளர்ந்தது. மாநில வேளாண் பல்கலைக்கழகங்களின் அறிவை ஊர்ப் பெரியவர்கள் துணையோடு பிள்ளைகள் கையால் செய்து கற்பது அதன் முறை. நம் ஆற்றுப்படுகையில் அதற்கு வேண்டியது எல்லாமே இருக்கிறது. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937இல் தொடங்கியது. 1986இல் அங்கிருந்து வந்த ‘அம்பை 16’ தமிழகம் முழுக்க விளைந்தது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி. ‘நான் முதல்வன்’ வகுப்புகளில் கணினி மொழிகளுக்குக் கிடைக்கும் இடத்தில் பாதியாவது நெல்லுக்கும் வாழைக்கும் ஆற்று நீருக்கும் கிடைக்க வேண்டும். கார் சாகுபடிக்கு ஓர் அரை ஏக்கரைப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒப்படைத்து, ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி ஒருவர் வாரம் ஒருமுறை வந்து பார்த்தால் போதும்.

அது நடக்கக் காலம் ஆகலாம். இந்த ஆண்டு பிளஸ் டூ எழுதும் பிள்ளை வீட்டில் இருந்தால் தேர்வு முடிந்த வாரத்திலேயே செய்ய வேண்டியவை இவை. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட வேண்டும். முடிவு வந்த பிறகு அங்கே கூட்டம் தாங்காது. பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு இருந்து, அது ஆதாருடன் இணைந்திருக்க வேண்டும். உதவித்தொகை நேராக அதில்தான் வரும். எமிஸ் பதிவில் உள்ள போன் எண் இப்போதும் நீங்கள் எடுக்கும் எண்தானா என்று பள்ளியில் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். ‘உயர்வுக்குப் படி’ அழைப்பு வருவது அந்த எண்ணுக்கு. சந்தேகம் இருந்தால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.