பேய்க்குப் பணம் யார் தருவார்?

"மாமா, ஒரு அஞ்சு லட்சம் புரட்டணும். பேய்ப்படம் எடுக்கப் போறேன்" என்றான் என் அக்கா மகன், செம்பூர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு. ஓய்வு பெற்றபோது வந்த பிராவிடண்ட் ஃபண்ட் பணம் வங்கியில் டெபாசிட்டாக இருப்பது அவனுக்குத் தெரியும். அது எங்கள் இருவரின் வைத்தியச் செலவுக்கென்று வைத்தது என்பதும் தெரியும்.

முதலில் சிரித்தேன். பிறகு இந்த ஊர் ராம்சே சகோதரர்கள் நினைவுக்கு வந்தார்கள். தந்தை எஃப்.யு. ராம்சே, கராச்சியிலிருந்து பம்பாய் வந்து ரேடியோக் கடை வைத்தவர். 1970இல் அவர் தயாரித்த 'ஏக் நன்ஹி முன்னி லட்கி தீ' ஓடவில்லை. ஆனால் பிருத்விராஜ் கபூர் பயங்கர முகமூடியோடு வரும் காட்சிக்கு மட்டும் ஜனங்கள் அலறியதைப் பிள்ளைகள் கவனித்துவிட்டார்கள். விளைவு, 1972இல் 'தோ கஜ் ஜமீன் கே நீச்சே'. மகாபலேஷ்வரில் ஒரு விடுதியில் தங்கி, ஒரு பிள்ளை காமிரா, ஒரு பிள்ளை ஒலிப்பதிவு, இருவர் இயக்கம், வீட்டுப் பெண்கள் சமையல் என்று குடும்பமே இறங்கியது. பேய்ப்படத்துக்குப் பெரிய நட்சத்திரம் வேண்டாம். இருட்டு பல வறுமையை மறைத்துவிடும்!

மருமகன் வேறு உதாரணம் வைத்திருந்தான். அமெரிக்காவின் சாம் ரெய்மி, பணம் கேட்பதற்கு முன்பே 'விதின் தி உட்ஸ்' என்று அரைமணிப் படம் ஒன்றை எடுத்தாராம். அதைப் போட்டுக் காட்டி, மிச்சிகனில் பல் டாக்டர்கள், வக்கீல்கள் என்று பலரிடம் பங்கு சேர்த்தார். அப்படிப் பிறந்ததுதான் 1981இல் வந்த 'தி ஈவில் டெட்'.

"அப்ப நீயும் முதல்ல காட்டுடா" என்றேன். அவன் பட்ஜெட் தாளில் ரத்தத்துக்கும் மேக்கப்புக்கும் கணக்கு இருந்தது. டப்பிங், சென்சார், விளம்பரம் மூன்றுக்கும் ஒரு ரூபாய் இல்லை. ஒலிக்குக் கஞ்சத்தனம் பண்ணினால் பேய் சிரிப்புக்கிடமாகிவிடும், அதையும் சொன்னேன். மாதிரிப் படத்துக்கு மட்டும் ஐம்பதாயிரம் கொடுத்தேன், திரும்பி வராது என்று மனசில் எழுதிவிட்டு. அக்காவிடம் சொல்லவில்லை.

எங்கள் கட்டடத் தண்ணீர்த் தொட்டிப் படிக்கட்டிலேயே பத்து நிமிஷம் எடுத்து வந்தான். பாதியில் என் மனைவி எழுந்து போய் விளக்கைப் போட்டாள்.

"ஏன் அத்தை, நல்லா இல்லையா?"

"மீதியை நாளைக்குப் பகல்ல பார்க்கறேன்."

அன்றிரவே சங்க உறுப்பினர் பட்டியலை எடுத்தோம். ஒருவரிடமும் ஐம்பதாயிரத்துக்கு மேல் வாங்குவதில்லை, படம் விற்காவிட்டால் பணம் போனதுதான் என்று பத்திரத்திலேயே எழுதிவிடுவது என்று முடிவு. மாட்டுங்காவில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போகிறோம்.