கச்சான் காற்றும் கடன் கொப்பியும்

பசறை பஸாரில் எங்கள் வாப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் சுற்றியுள்ள தோட்டத்து மக்கள். சம்பளத்துக்குச் சம்பளம் கணக்குத் தீர்ப்பார்கள். அவர்களுக்கென்று நீளமான கடன் கொப்பி ஒன்று இருந்தது. ஓகஸ்ட் வந்தால் அதில் பக்கங்கள் வேகமாக நிறையும். "மொதலாளி, வெயிலு எரிக்குது, கொழுந்தே இல்ல. அரைப்பேருதான் வுழுது. அடுத்த மாசம் தர்றேன்" என்பார்கள். வாப்பா ஒன்றும் பேசாமல் அரிசியை நிறுப்பார். அந்தக் கொப்பி காலநிலையின் பதிவேடும்கூட என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

ஊவாத் தேயிலையின் பெயரே காற்றினால் வந்தது. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது சூடேறி வரண்டுவிடுகிறது. அதைத்தான் கச்சான் என்கிறோம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை அது வீசும்போது செடியின் வளர்ச்சி மந்தமாகும். இலையில் வாசனைப் பொருட்கள் கூடும். கொழும்பு ஏலத்தில் நல்ல விலை பெறும் ஊவாப் பருவத் தேயிலை இப்படித்தான் பிறக்கிறது.

ஆனால் இது அளவோடு இருக்கவேண்டிய வரட்சி. தேயிலைக்கு உவப்பான வெப்பம் சுமார் 18 முதல் 25 பாகை செல்சியஸ். வெப்பம் ஏறி, ஒக்டோபரில் வரவேண்டிய இடைப்பருவ மழையும் பிந்தினால் வாசனை தந்த அதே காற்று செடியைக் கருக்கிவிடும். 2015இல் சுமார் 32.9 கோடி கிலோவாக இருந்த இலங்கையின் தேயிலை உற்பத்தி 2016இல் சுமார் 29.3 கோடி கிலோவாக விழுந்தது. வரட்சியும் அதற்கு ஒரு காரணம். குறித்த கிலோ பறித்தால்தான் முழுப்பேர் என்ற கணக்கில், செடி வாடினால் முதலில் வாடுவது பறிப்பவரின் அடுப்பு.

மழை வந்தாலும் நிம்மதியில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. மண்சரிவுக்குச் சரிவின் அமைப்பு, வடிகால், பெருமழை என்று பல காரணங்கள் உண்டு. எனினும் தோட்டமெங்கும் ஒரு பழைய குறை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் காட்டை வெட்டி, முதலில் கோப்பியும் பிறகு தேயிலையும் நட்டபோது புல்பூண்டே இல்லாமல் நிலத்தைச் சுரண்டினார்கள். மேல்மண் ஆற்றோடு போனது. மெலிந்த மண் மழைநீரைப் பிடித்துவைக்காது. வெயிலில் செடிக்குக் கொடுக்கவும் அதனிடம் நீர் இருக்காது.

ஆகவே பரிகாரமும் மண்ணிலிருந்தே தொடங்கவேண்டும். சபுக்கு, முள்முருங்கை போன்ற நிழல்மரங்களை மீண்டும் வைப்பது, கவ்வாத்து வெட்டிய வாதுகளை விறகாக்காமல் செடியடியில் பரப்புவது, கான்களைத் தூர் வாருவது எல்லாம் பழைய வேலைகள்தான். மீள்நடுகைக்கு முன் ஒன்றரை, இரண்டு வருடம் மானாப்புல் அல்லது குவாத்தமாலாப் புல் வளர்த்து மண்ணைத் தேற்றும்படி தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் சொல்கிறது. வரட்சி தாங்கும் செடிவகைகளும் உண்டு.

வெலிமடை, குருத்தலாவைப் பக்கம் வயலில் உருளைக்கிழங்கு போடும் நம்மவர்களுக்கும் இதில் பங்குண்டு. அளவுக்கு மிஞ்சிய யூரியாவிலிருந்து வெளியேறும் நைத்திரசு ஒட்சைட்டு, கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு வெப்பமூட்டவல்லது. 2021இல் செய்ததுபோல் இரசாயன உரத்தை ஒரே இரவில் நிறுத்தினால் விவசாயிதான் விழுவான். மண்ணைப் பரிசோதித்து, சேதனப் பசளையைக் கூட்டி, யூரியாவைப் படிப்படியாகக் குறைப்பதே வழி.

மழை கேட்டுத் திடலில் நின்று தொழுதிருக்கிறோம். பெய்யும் மழையைப் பிடித்துவைக்க மண்ணும் வேண்டுமே! புல் நட்ட மலையில் பல வருடம் கொழுந்து கிடைக்காது என்று நிர்வாகங்கள் தயங்குவது புரிகிறது. ஆனால் அந்தச் செலவைத் தள்ளிப்போட்டால் அது இல்லாமற் போவதில்லை. லயத்தில் அரைப்பேராகவும் பஸாரில் கடன் கொப்பியாகவும் வந்து சேர்கிறது. வாப்பாவின் கொப்பியில் தீர்க்கப்படாத பக்கங்கள் இன்னும் இருக்கின்றன.