அழியும் அபாயம்: தலையை எண்ணினால் மட்டும் போதுமா?

1980-களில் இந்திய வானில் வெண்முதுகுப் பாறு கழுகுகள் லட்சக்கணக்கில் பறந்தன. செத்த மாடு எங்கே கிடந்தாலும் கூட்டமாக வந்து இறங்கும். ‘இதுக்கெல்லாம் என்ன ஆகிடப்போகுது?’ என்ற நினைப்புதான் இருந்தது. ஆனால், 1992-க்கும் 2007-க்கும் இடையில் அவற்றில் 99 சதவீதத்துக்கும் மேல் காணாமல் போயின.

அப்படியென்றால், ஓர் உயிரினம் ஆபத்தில் இருக்கிறது என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்?

என்ன கணக்கு?

சிவப்புப் பட்டியலைத் தயாரிக்கும் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் (ஐ.யூ.சி.என்.) ஐந்து அளவுகோல்களை வைத்திருக்கிறது. எண்ணிக்கை எவ்வளவு வேகமாகச் சரிகிறது, வாழிடம் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பவை அவற்றில் முக்கியமானவை. ஐந்தில் ஒன்றில் சிக்கினாலே போதும், பட்டியலில் இடம்தான்.

10 ஆண்டுகள் அல்லது மூன்று தலைமுறை, இதில் எது நீளமோ அந்தக் காலத்தைப் பார்ப்பார்கள். சரிவுக்கான காரணம் நீங்காத நிலையில் 80 சதவீதம் குறைந்தால் ‘மிகவும் அழியும் ஆபத்து’ நிலை. 50 சதவீதம் என்றால் அதற்கு அடுத்த நிலை. பாறு கழுகு 2000-ல் முதல் நிலைக்குப் போனதற்குக் காரணம் இந்த வேகம்தான்.

ஒரு பகுதிக்கு மட்டும் பார்த்தால்?

அந்தப் பகுதியில் இருப்பவை மட்டுமே உலகத்தில் மிச்சம் என்று வைத்து முதலில் மதிப்பிடுவார்கள். பிறகு, ‘வெளியிலிருந்து வந்து சேர வாய்ப்பு இருக்கா?’ என்று பார்ப்பார்கள். இருந்தால், ஆபத்து நிலை ஒரு படி குறையலாம். நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் கூடு கட்டும் பாறுகளுக்கு மாநில எல்லை கிடையாது. அதனால்தான் தமிழகம், கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து கணக்கெடுக்கின்றன.

வெளியிலிருந்து வர வழியே இல்லாவிட்டால்? சிவிங்கிப்புலி ஆப்பிரிக்காவில் இருக்கிறது. ஆனால், இந்தியாவில் அழிந்துவிட்டதாக 1952-ல் அறிவிக்கப்பட்டது. 2022-ல் நமீபியாவிலிருந்து விமானத்தில் கொண்டுவர வேண்டியிருந்தது.

கணக்கு போட்டால் காப்பாற்றிவிடலாமா?

காரணத்தையும் பிடிக்க வேண்டும். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி நிவாரணிதான் பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்தது என்பது 2004-ல் உறுதியானது. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது.

ஆனாலும் பழைய கூட்டம் திரும்பவில்லை. ஒரு ஜோடி பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். 15 வருஷத்தில் போனது 15 வருஷத்தில் திரும்பி வராது. அதனால்தான், கூட்டம் குறைய ஆரம்பிக்கும்போதே இந்தக் கணக்கைப் போட்டாக வேண்டும்.