உருளைக்கிழங்குப் பொரியல்: கறியா, சோறா?

வெள்ளிக்கிழமை மதிய வேளையில் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் நடந்து செல்வோர் ஒரு மணத்தை உணராமற் போவதில்லை. தாச்சியில் உருளைக்கிழங்கு பொரியும் மணந்தான் அது. மரக்கறிச் சாப்பாட்டு நாளில் பருப்பும் கீரையும் குழம்பும் எவ்வளவு சுவையாக அமைந்தாலும், பிள்ளைகளின் கை முதலில் நாடுவது பொரியலையே. பிள்ளைகளை மட்டும் குறை கூறுவானேன்? நாமும் அப்படித்தான்.

அண்மையில் உறவினர் இல்லமொன்றில் உணவருந்த அமர்ந்தோம். வீட்டுத் தலைவருக்கு நீரிழிவு. அவருடைய தேநீரில் சீனி இல்லை; இலையில் சோறும் குறைவு. துணைவியார் மிகுந்த கவனத்துடன் அளந்தே பரிமாறினார். ஆயின் குறைத்த சோற்றுக்கு ஈடாக, “கறியை வடிவாய்ச் சாப்பிடுங்கோ” என்று சொல்லி அவர் இரண்டு முறை அள்ளி வைத்தது உருளைக்கிழங்குப் பொரியலை! அன்பினால் நேர்ந்த அந்தப் பிழையே இக்கட்டுரையை எழுத நம்மைத் தூண்டியது.

உருளைக்கிழங்கை நாம் கறிகளுள் ஒன்றாகக் கருதுகிறோம். நமது உடலோ அதனைச் சோற்றுடன் சேர்த்தே கணக்கிடுகிறது. இரண்டிலும் மிகுந்திருப்பது மாச்சத்து. இரண்டும் சமித்து இரத்தத்தில் குளுக்கோசாகவே கலக்கின்றன. நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறியும் பழமும் உண்ண வேண்டும் என்று கூறும் உலக சுகாதார நிறுவனம், அந்தக் கணக்கில் உருளைக்கிழங்கையும் மரவள்ளியையும் வற்றாளையையும் சேர்ப்பதில்லை. சோற்றுடன் பொரியலை மட்டும் உண்டெழும் பிள்ளை, உண்மையில் கறியே உண்ணவில்லை என்பதைத் தாய்மார் நினைவிற் கொள்ள வேண்டும்.

இதனால் கிழங்கின்மீது பழி சுமத்துதல் ஆகாது. 1967 ஆம் ஆண்டு உருளைக்கிழங்கு இறக்குமதி தடை செய்யப்பட்டபின் வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் அதன் பயிர்ச்செய்கை பெருகியது. மாரி மழையின் பின் நட்டு, மாசி பங்குனியில் கிண்டி எடுக்கும் அக்கிழங்கு எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அதில் பொற்றாசியம் உண்டு. விற்றமின் சீயும் உண்டு. அவித்த கிழங்கு 100 கிராமில் ஏறத்தாழ 87 கலோரியே இருக்கும். கொழுப்பு இல்லையென்றே சொல்லலாம். அதே நிறையுடைய விரற்பொரியலில் 300 கலோரிக்கு மேல் உண்டு. மெல்லிய சீவலாகப் பொரித்துப் பைகளில் விற்பனவற்றிலோ 500 கலோரிக்கும் மேல். அவற்றின் நிறையில் மூன்றிலொரு பங்கு எண்ணெயே!

இம்மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது? பச்சைக் கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு நீர். கொதியெண்ணெயில் இட்டவுடன் அந்நீர் ஆவியாகிக் குமிழிட்டு வெளியேறுகிறது. தாச்சியிலிருந்து எடுத்து ஆறும்போது, நீர் நீங்கிய இடங்களுக்குள் மேற்பரப்பில் ஒட்டிய எண்ணெய் இழுபடுகிறது. துண்டு மெல்லியதாக, எண்ணெய் குடிப்பதும் மிகும்.

நம் நாட்டில் வளர்ந்தோரில் ஐவரில் ஒருவருக்கு நீரிழிவோ அதற்கு முந்திய நிலையோ உண்டென்று 2005-2006 இல் நடந்த ஆய்வு காட்டிற்று. அமெரிக்காவில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரை நெடுங்காலம் அவதானித்து 2025 இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கே கவனிக்கத்தக்கது. வாரம் மூன்று முறை விரற்பொரியல் உண்போருக்கு நீரிழிவு ஏற்படும் வாய்ப்பு நூற்றுக்கு 20 வீதம் கூடியிருந்தது. அவித்தோ, மசித்தோ, சுட்டோ உண்போரிடம் அத்தகைய தெளிவான உயர்வு காணப்படவில்லை. பொரியலே நோயைத் தருகிறது என்று இத்தகைய ஆய்வு அறுதியிட்டுக் கூறாது. எனினும் எச்சரிக்கையாகக் கொள்ளலாம்.

மற்றொன்றும் உண்டு. கிழங்கை 120 பாகை செல்சியசுக்கு மேல் பொரிக்கும்போது அக்கிரிலமைட்டு என்னும் பொருள் உண்டாவதை 2002 இல் சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் வெளிப்படுத்தினர். விலங்குகளில் அது புற்றுநோயை விளைவிக்கிறது. உணவின் வழியே மனிதருக்கும் அவ்வாறு செய்கிறதா என்பது உறுதியாகவில்லை. ஆயினும் குறைத்துக்கொள்ளுதல் எளிது. நறுக்கிய துண்டுகளை அரைமணி நேரம் நீரில் ஊறவிட்டு, ஈரம் துடைத்துப் பொரியுங்கள். பொன்னிறம் கண்டவுடன் எடுத்து எண்ணெயை வடியவிடுங்கள். கருக விட வேண்டாம். பொரிப்பதற்கான கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அதன் சீனி கூடி விரைவில் கருகும். பச்சை படர்ந்த கிழங்கை விலக்குங்கள். அதிலுள்ள நஞ்சு பொரித்தாலும் நீங்காது. புகைந்து கறுத்த எண்ணெயை மறுநாளுக்கு எடுத்து வைக்காதீர்கள்.

பொரியலை முற்றாகத் துறக்கும்படி நாம் கூறவில்லை. விசேட நாட்களில் சிறிதளவு இருக்கட்டும். ஏனைய நாட்களில் அதே கிழங்கை அவித்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் இட்டு, சிறிது தேங்காய்ப்பால் விட்டு வெள்ளைக்கறியாக ஆக்கலாம். அன்று சோற்றில் ஓர் அகப்பையைக் குறைத்து, அந்த இடத்தைக் கீரைக்கும் பயற்றங்காய்க்கும் கொடுங்கள். வீட்டுத் தலைவரின் சோற்றை அளக்கும் அன்புக் கரங்கள், அருகில் வைக்கும் கிழங்கையும் சேர்த்து அளக்கட்டும்.