முக்கொம்புக்குக் கட்டுச்சோறு

குழந்தைகளே, விடுமுறையில் குடும்பத்தோடு முக்கொம்பு போகிறீர்களா? திருச்சிக்கு மேற்கே சுமார் 18 கி.மீ. தொலைவில், காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடம் அது. ஸ்ரீரங்கம் தீவானது இந்தப் பிரிவால்தான்!

கட்டுச்சோறு கட்ட அம்மாவுக்கு உதவுங்கள். வாழை இலையைத் தணலில் லேசாக வாட்டினால், மடிக்கும்போது கிழியாது. புளியோதரை சீக்கிரம் கெடாது; புளியின் அமிலமும் உப்பும் கிருமிகளை எளிதில் வளர விடாது. தயிர்சாதத்துக்குப் பாலை நிறைய விட்டு, தயிர் ஒரு கரண்டி போதும். மதியத்துக்குள் அதுவே உறைந்துவிடும், புளிக்காது. (தயிரையே கொட்டிப் பிசைந்து எடுத்துப்போய், பட்டினி கிடந்தவன் நான்!)

குடிதண்ணீர், துண்டு, மாற்றுடை, குப்பைக்கு ஒரு பை... சரி, பந்து? அதை மட்டும் வீட்டிலேயே வையுங்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிடம் மேலணையின் 9 மதகுகளையே அடித்துச் சென்ற தண்ணீர் அது. பந்து ஆற்றில் உருண்டால், எடுக்க இறங்கத் தோன்றுமே!